14 இரவுகளில் விலாசம் முளைக்காது

எங்கள் நிறுவனத்தின் சென்னை மனிதவளத் துறைத் தலைவருக்கும், வெளிநாட்டுப் பயணப் பிரிவினருக்கும், மியூனிக் கிளையின் சம்பளப் பிரிவினருக்கும்,

சென்ற திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்தேன். வரும் ஜனவரியிலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்படும் எல்லா ஊழியர்களுக்கும், தனியாக வந்தாலும் குடும்பத்தோடு வந்தாலும், தங்குமிடம் 14 இரவுகள் மட்டும். அதைத் தாண்டினால் செலவு சம்பளத்தில் பிடிக்கப்படும். ஜெர்மனியில் ஓராண்டாக நடத்திய சோதனை வெற்றி பெற்றதால் இதை மற்ற நாடுகளுக்கும் விரிவாக்குகிறீர்களாம்.

அந்தச் சோதனையின் எலிகளில் நானும் ஒருத்தி. உங்கள் கணக்கில் நான் 15ஆம் நாள் ஹோட்டலைக் காலி செய்தேன். ஆகவே வெற்றி. காலி செய்துவிட்டு எங்கே போனேன் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். நிறுவனத்துக்குள் போட்ட மூன்று புகார் டிக்கெட்டுகளும் பதில் இல்லாமலே 'ரிசால்வ்டு' என்று மூடப்பட்டதால், எல்லோரும் படிக்கும்படி இங்கே சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

2024 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, மியூனிக்கில் வந்திறங்கினோம். நான், என் கணவர், ஏழு வயது மகள், ஆறு பெட்டிகள். டிக்கெட், விசா, விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு நின்ற கார் எல்லாம் நீங்கள் ஏற்பாடு செய்தவை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார் எங்களை ஹோட்டலில் இறக்கிவிட்டுப் போனதும் குழந்தைக்குப் பால் வாங்க வெளியே வந்தேன். தெரு முழுவதும் கடைகள், எல்லாம் மூடிக் கிடந்தன. ஜெர்மனியில் ஞாயிறன்று கடை கிடையாது. வார நாளிலும் மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் கிடையாது. விமான நிலையத்துக்குள் ஞாயிறும் திறந்திருக்கும் பெரிய மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. நாங்கள் அதைக் கடந்துதான் வந்திருக்கிறோம். நீங்கள் தந்த 24 பக்க வரவேற்புக் கையேட்டில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் படம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. இந்த ஒரு வரி இல்லை.

பால் சின்ன விஷயம். அன்றிரவு பிஸ்கட்டோடு தூங்கினாள், அவ்வளவுதான். பெரிய விஷயம் விலாசம்.

ஜெர்மனியில் குடியேறுகிறவர் முதலில் செய்ய வேண்டியது 'அன்மெல்டுங்'. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் இன்ன வீட்டில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். 2015 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள கூட்டாட்சிப் பதிவுச் சட்டப்படி, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் அதற்குத் தேவை. அந்தத் தாளின் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். என் மகள் இரண்டே நாளில் சொல்லப் பழகிவிட்டாள். எனக்கு இன்னும் நடுவில் எங்கோ இடறுகிறது.

அன்மெல்டுங் சான்று கையில் வந்த பிறகுதான் மற்றவை நகரும். பதிந்தால்தான் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். எண் வந்தால்தான் சரியான வரி வகுப்பில் சம்பளம். பதிந்த ஊரைப் பொறுத்துத்தான் உங்கள் குடியிருப்பு அட்டையை எந்த அலுவலகம் கையாளும் என்பதே முடிவாகும். குழந்தை எந்தத் தொடக்கப் பள்ளி என்பதும் வீட்டு விலாசத்தை வைத்துத்தான். நான் போன வங்கிக் கிளையும் பதிவுச் சான்றைக் கேட்டது. பாஸ்போர்ட்டை மட்டும் வைத்துக் கணக்குத் திறக்கும் இணைய வங்கிகள் இருக்கின்றன என்பதைப் பிறகு இன்னொரு சக ஊழியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கொடுத்ததோ ஹோட்டல் அறை. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அந்தத் தாளை நீட்டினேன். சிரித்தபடி, ஹோட்டல் விருந்தினருக்கு இதில் கையெழுத்துப் போடுவதில்லை என்றாள். அவள்மேல் தப்பில்லை. 14 நாள் தங்கிவிட்டுப் போகிறவரைக் குடியிருப்பவர் என்று யார் எழுதித் தருவார்கள்?

ஆக, உங்கள் 14 இரவுகளில் எனக்குக் கட்டிலும் காலை உணவும் கிடைத்தன. இந்த நாட்டில் நான் இருக்கிறேன் என்பதற்கான சான்று கிடைக்கவில்லை.

வீடு தேடினோம். முதல் 14 நாளில் நானும் கணவரும் அனுப்பிய விண்ணப்பங்கள் 143. பதில் வந்தவை ஒன்பது. நேரில் பார்க்கக் கூப்பிட்டவர்கள் நான்கு பேர். மியூனிக்கின் கீஸிங் பகுதியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது வரிசை மாடிப்படி முழுவதும் இறங்கி நடைபாதை வரைக்கும் நின்றது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், ஷூஃபா அறிக்கை. ஷூஃபா என்பது நம் ஊர் சிபில் மாதிரி ஒருவரின் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம், 1927இலிருந்து இருக்கிறது. நேற்று விமானத்தில் இறங்கியவருக்கு அதில் எழுத ஒன்றும் இருக்காது. சம்பளச் சீட்டும் என்னிடம் இல்லை. முதல் சம்பளமே மாதக் கடைசியில்தான்.

இந்த இடத்தில் உங்களால் செய்ய முடிந்த உதவி ஒன்று இருந்தது. ஜெர்மன் மொழியில், மியூனிக் கிளையின் கடிதத்தாளில், மாதச் சம்பளம் இவ்வளவு, வேலை நிரந்தரம் என்று எழுதிய ஒரு பக்கக் கடிதம். வந்த மறுநாளே கேட்டேன். 19ஆம் நாள் வந்தது. ஆங்கிலத்தில், சென்னை முகவரியோடு, 'டு ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன்' என்று தொடங்கியது. சம்பளத்தை ஆண்டுக் கணக்கில், அடிப்படை, படிகள், செயல்திறன் ஊக்கம் என்று ஏழு துண்டாக உடைத்திருந்தீர்கள். அதைப் பார்த்த ஒரு வீட்டுக்காரர் மிகவும் மரியாதையாக, இதில் எந்த எண் உங்கள் கைக்கு வரும் என்று கேட்டார். எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பெயர்களும் சேர்ந்துகொண்டன. என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர். கணவர் பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர். மகள் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர். தமிழ்நாட்டில் இது இயல்பு. இங்கே விண்ணப்பத்தில் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர் என்றால், மூன்று அந்நியர்கள் சேர்ந்து வீடு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திருமணச் சான்றையும் பிறப்புச் சான்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து எடுத்துப் போயிருந்தால் முதல் விண்ணப்பத்திலேயே இணைத்திருக்கலாம். பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது.

செப்டம்பர் 21 சனிக்கிழமை அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்கியது. பெயரில்தான் அக்டோபர், தொடங்குவது செப்டம்பரில். அந்த ஆண்டு 67 லட்சம் பேர் வந்த திருவிழா அது. தேதி வெகு முன்பே எல்லோருக்கும் தெரியும். நீங்கள் போட்டுக் கொடுத்த அறை செப்டம்பர் 22 காலை முடிந்தது. அதாவது நகரத்தில் ஓர் அறைகூட நியாயமான விலைக்குக் கிடைக்காத வாரத்தின் நடுவில், ஆறு பெட்டிகளோடு எங்களைத் தெருவில் விடும்படி திட்டமிட்டிருந்தீர்கள். திட்டமிட்டீர்கள் என்றால் கோபம் வரும். காலண்டரைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். நாங்கள் இருந்த ஹோட்டலில் அதே அறையின் விலை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

அன்று காலை சுரங்க ரயிலில் தோல் அரைக்கால் சட்டையும் பாவாடையும் அணிந்து தெரேஸியன்வீஸே திடலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே, பெட்டிகளை அணைத்துக்கொண்டு நாங்கள் நின்றோம். மகள் அவர்களுடைய உடைகளைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயையும் கொடுத்தார். எனக்கு ஏனோ அப்போதுதான் அழுகை வந்தது.

60 கிலோமீட்டர் தள்ளி ஆக்ஸ்பர்க்கில் ஒரு விடுதியில் இரண்டு வாரம். இரவுக்கு 84 யூரோ, எங்கள் பணம். அங்கிருந்து தினம் ரயிலில் மியூனிக் அலுவலகம். அந்த இரண்டு வாரமும் நான் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை என்பதை வாடிக்கையாளரின் வருகைப் பதிவில் நீங்கள் பார்க்கலாம். அதன்பின் அக்டோபர் 7 முதல் மியூனிக்கின் மோஸாக் பகுதியில் ஓர் அறை, உள்வாடகைக்கு. நடுத்தர வயது ஆள், நல்லவர். ஆனால் அன்மெல்டுங் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை முதல் நிபந்தனையாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டோம்.

அந்த நாட்களில் உங்கள் பயணப் பிரிவுக்குப் போன் செய்தபோது கிடைத்த பதிலை எழுதியே ஆக வேண்டும். "மேடம், யாராவது ஃபிரெண்ட் அட்ரஸ் போட்டு ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." சொன்ன பிள்ளைமேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். ஆனால் குடியிருக்காத ஒருவருக்கு விலாசத்தைக் கொடுத்துப் பதிய உதவினால், இங்குள்ள சட்டப்படி 50,000 யூரோ வரைக்கும் அபராதம் விதிக்க முடியும். எனக்கு உதவ வரும் நண்பரை அந்தக் குழியில் தள்ளச் சொல்கிறது உங்கள் பிரிவு. 14 இரவு என்று விதி போட்டவர்களே, அந்த விதி நடக்காது என்று தெரிந்து, அதை மீற வழியும் சொல்லித் தருகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இன்னொரு குழியும் உண்டு. வாடகை குறைவான அழகான வீடு, படங்கள் பளபளக்கும், வீட்டுக்காரர் லண்டனில் இருப்பார், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும். வீடு இருக்காது, சில சமயம் வீடு இருக்கும், ஆனால் அவருடையதாக இருக்காது. எனக்குப் பிறகு வந்த ஓர் இளைஞர், 11ஆம் நாள் பயத்தில், 2,400 யூரோவை அப்படி இழந்தார். வெட்கத்தால் உங்களிடம் சொல்லவில்லை. அவருடைய 15ஆம் நாளும் உங்கள் கணக்கில் வெற்றியாகத்தான் ஏறியிருக்கும்.

நவம்பர் தொடக்கத்தில், ஈழத்தமிழர் ஒருவர் நடத்தும் மளிகைக் கடைக்குப் போயிருந்தேன். இட்லி அரிசி வாங்க என்று சொல்லிக்கொண்டு போனாலும் உண்மையில் யாரிடமாவது தமிழில் பேசத்தான் போனேன். அவர் 1985இல் வந்தவர். என் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நாங்கள் அகதியா வந்தனாங்கள். எங்களைக் கொண்டுபோய் ஒரு ஹைம்ல (அகதிகள் விடுதி) விட்டவங்கள். ஒரு அறையில ஆறு பேர். ஆனா அந்தக் கிழமையே கையில ஒரு விலாசம் தந்தவங்கள். உங்களைக் கொம்பனி கூப்பிட்டெல்லோ வந்தனீங்கள்? அவைக்கு ஒரு விலாசம் தர ஏலாதோ?"

இந்தக் கேள்வியை அப்படியே உங்கள் மேசையில் வைக்கிறேன்.

வீடு கிடைத்ததும் அவரால்தான். அவர் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளரின் தெரிந்தவர் கெர்மெரிங்கில் வீடு வாடகைக்கு விடுவதாகச் சொல்லி, போனில் எங்களுக்காகப் பேசினார். கெர்மெரிங் மியூனிக்குக்கு மேற்கே, எஸ்8 ரயில் பாதையில் உள்ள ஊர். டிசம்பர் 1 முதல் வீடு. குளிர் வாடகை, அதாவது சூடாக்கும் செலவு சேராத வெறும் வாடகை, 1,350 யூரோ. சூடாக்கும் செலவும் பொதுச் செலவும் சேர்ந்து 1,620. முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகை, 4,050. சட்டப்படி அதை மூன்று தவணையாகத் தரலாம். ஆனால் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது தவணை கேட்கிற தைரியம் யாருக்கு வரும்? ஆக முதல் நாள் 5,670 யூரோ, ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாய். நீங்கள் தந்த குடியேற்றப் படி 1,500 யூரோ. அது ஆக்ஸ்பர்க்கிலேயே கரைந்துவிட்டது. என் அம்மா திருநெல்வேலியில் தன் வளையல்களை அடகு வைத்து அனுப்பினார். பன்னாட்டு நிறுவனத்தில் முதுநிலைப் பொறியாளராக இருக்கும் மகளுக்காக, தன் ஐம்பத்தொன்பது வயதில் நகையை அடகு வைப்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டைத் திறந்தால் சமையலறை இல்லை. அறை இருந்தது, அடுப்பு, அலமாரி, தொட்டி எதுவும் இல்லை. சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு கம்பிகள். பழைய வாடகைதாரர் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே அது சாதாரணம். இதுவும் கையேட்டில் இல்லை. மூன்று வாரம் தரையில் இண்டக்ஷன் அடுப்பை வைத்துச் சமைத்து, குளியல் தொட்டியில் பாத்திரம் கழுவினோம். ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கர் முதல் விசில் அடித்தபோது கீழ்வீட்டுக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். இப்போது அவருக்குச் சாம்பார் பிடிக்கும். ஆனால் அது வேறு கதை.

டிசம்பர் 4, புதன்கிழமை, ஊராட்சி அலுவலகத்தில் எனக்கு அன்மெல்டுங் ஆனது. பத்து நிமிடம். கட்டணம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்து சேர எனக்கு 87 நாள் பிடித்தது.

அதன் பிறகும் தீரவில்லை. உங்கள் முகவர் நிறுவனம் எங்களுக்காகக் குடியிருப்பு அட்டைக்கு மியூனிக்கில் டிசம்பர் 12க்கு நேரம் வாங்கி வைத்திருந்தது. கெர்மெரிங் மியூனிக் இல்லை. அது ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்ப்ரூக் மாவட்டம். அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாத விசாவில் மூன்று மாதம் விலாசம் தேடியே போன பிறகு, மறுபடி முதலிலிருந்து. வரி எண் கடிதம் டிசம்பரிலேயே புறப்பட்டு வந்து திரும்பிப் போனது. இங்கே அடுக்கு வீடுகளுக்குக் கதவு எண் எழுதுவதில்லை. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நாங்கள் கணவரின் பெயரை மட்டும் ஒட்டியிருந்தோம். இது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மறுபடி கேட்டு, ஜனவரி மூன்றாம் வாரம் எண் வந்தது. இப்போது பெட்டியில் மூன்று பெயர்கள். வீட்டுக்கார அம்மாள் முதலில் பார்த்தபோது யாருக்காவது உள்வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்.

சம்பளப் பிரிவினரே, இனி வருவது உங்களுக்கு. வரி எண் இல்லாததால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு சம்பளத்தையும் ஆறாம் வரி வகுப்பில் பிடித்தீர்கள். அதில்தான் பிடித்தம் மிக அதிகம். மாதம் 500 யூரோவுக்குக் குறையாமல் கை நழுவியது. பணம் பிறகு திரும்ப வந்தது, உண்மைதான். ஆனால் வாடகைக்கு முன்பணம் தேடி அலைந்த மாதங்களில் அது என்னிடம் இல்லை. ஜெர்மன் வருமான வரிச் சட்டத்தின் 39சி பிரிவு, ஊழியரின் தவறில்லாமல் எண் வரத் தாமதமானால், மூன்று மாதம் வரை உத்தேசமான வகுப்பில் பிடிக்க முதலாளியை அனுமதிக்கிறது. அதை எழுத்தில் உங்களுக்குக் காட்டினேன். "சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை" என்று பதில் வந்தது.

மகளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த ஆண்டு பவேரியாவில் பள்ளிகள் செப்டம்பர் 10 அன்று திறந்தன. முதல் வகுப்புக் குழந்தைகள் அன்று தங்கள் உயரத்தில் பாதி இருக்கும் வண்ணக் காகிதக் கூம்பு நிறைய மிட்டாயோடு போவார்கள். ஹோட்டல் ஜன்னலிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். தொடக்கப் பள்ளி வீட்டு விலாசப்படிதான் ஒதுக்கப்படும் என்பதால், எங்கே குடியிருப்போம் என்று தெரியாத பிள்ளையை எங்கே சேர்ப்பது? டிசம்பரில்தான் பள்ளிக்குப் போனாள். அதுவரை அவள் அப்பா மூன்று இடங்களின் அறைகளில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் என்பதும் உங்கள் செலவுக் கணக்கில் இல்லாத ஒன்று.

என் பக்கமும் குறைகள் உண்டு. முதலில் நான் மட்டும் வந்து, வீடு கிடைத்ததும் அவர்களை வரவழைத்திருக்கலாம். ஜெர்மன் மொழியில் முதல் நிலையோடு நின்றிருக்கக் கூடாது. ஆனால் நாலு வாரத்தில் புறப்பட வேண்டும் என்று தேதி குறித்தவர் நீங்கள். குடும்பத்தோடு போங்கள், எல்லாம் பார்த்துக்கொள்ளப்படும் என்று சொன்னவரும் நீங்கள்தான். இந்த நகரத்தையும் நான் குறை சொல்லவில்லை. வீட்டுத் தட்டுப்பாடு இங்கே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் வாட்டுகிறது. கீஸிங் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒரு ஜெர்மன் செவிலியர். ஏழு மாதமாகத் தேடுகிறேன் என்றார். அவருக்கு ஏழு மாதம் ஆகும் ஊரில், மொழி தெரியாத, சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு 14 நாள் போதும் என்று முடிவு செய்தது எந்தத் தரவை வைத்து?

சுற்றறிக்கையில் 'தொழில்துறை வழக்கம்' என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்காக வாடிக்கையாளரிடம் நீங்கள் நாளொன்றுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், அறை வாடகையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது அதில் எத்தனை நாள் என்று படிக்கிறவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

நான் கேட்பது இவை.

ஜனவரி விதியை நிறுத்தி வையுங்கள். ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்குத் தங்குமிடம் குறைந்தது 60 இரவுகள், குழந்தையோடு வந்தால் 90 என்று மாற்றுங்கள். இரவுகளின் எண்ணிக்கையைவிட முக்கியமாக, அது ஹோட்டலாக இருக்க வேண்டாம். அன்மெல்டுங்குக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும், அறைகலன்களோடு கூடிய வீடாக இருக்கட்டும். அப்படி வாடகைக்கு விடும் நிறுவனங்கள் மியூனிக்கில் இருக்கின்றன. ஒன்றிரண்டு வீடுகளை ஆண்டு முழுவதும் நீங்களே எடுத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் சரி. இந்த ஒன்றை மட்டும் செய்து மற்றதையெல்லாம் மறுத்தாலும், வருகிறவர்களின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

14 நாளைத் தாண்டியவர்களிடம் பிடித்த தொகையைத் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் நீங்கள் ஒன்றும் பிடிக்கவில்லை, நான் தாண்டவில்லை. இது மற்ற நான்கு பேருக்காகக் கேட்பது. வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்து, பத்து மாதத் தவணையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஊழியர் விமானம் ஏறும் முன்பே ஜெர்மன் மொழியில் சம்பளக் கடிதத்தைக் கையில் கொடுங்கள். மொத்தச் சம்பளம் ஓர் எண், கைக்கு வருவது ஓர் எண், வேறெதுவும் வேண்டாம். வரி எண் வரும்வரை 39சி பிரிவைப் பயன்படுத்துங்கள். சிஸ்டத்தில் ஆப்ஷன் இல்லையென்றால் சிஸ்டத்தை மாற்றுங்கள். நாம் மென்பொருள் நிறுவனம்.

நண்பர் விலாசத்தைப் போடச் சொல்லும் ஆலோசனையை இன்றே நிறுத்தும்படி பயணப் பிரிவுக்கு எழுத்தில் உத்தரவிடுங்கள். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை மியூனிக்குக்குக் குடும்பங்களை அனுப்பாதீர்கள். கையேட்டைத் திருத்த ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், ஒரு வார இறுதியில் நான் எழுதித் தருகிறேன். பணம் வேண்டாம். கோட்டையின் படத்தை எடுத்துவிடுவேன்.

ஜனவரியில் 11 பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் ஏழு மாதக் கைக்குழந்தையோடு வருகிறார்; என் பழைய டீமில் இருந்த பெண். ஹோட்டலில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச முடியுமா அக்கா என்று நேற்று என்னிடம் கேட்டாள். அவளுடைய விமானம் ஜனவரி 9. அதற்கு மூன்று வாரம் முன்பாவது, அந்த 11 பேருக்கும் எத்தனை இரவு, எந்த விலாசம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். எனக்குத் தனியாகப் பதில் தேவையில்லை. தயவுசெய்து டிக்கெட்டாகப் போட்டு மூடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
2024 செப்டம்பரில் மூன்று குடும்பப் பெயர்களோடு வந்திறங்கிய உங்கள் ஊழியர்,
கெர்மெரிங்